முட்டுச் சந்துக்குள் ஆம்புலன்ஸ் எப்படி வரும்?

அடுத்தவர் கருத்தைக் கேட்பதற்குச் சம்பளம் தரும் தொழில் ஒன்று இருக்கிறது என்றால் என் அம்மாவே நம்பமாட்டார். வீட்டில் நான் யார் பேச்சையும் கேட்டதில்லை. ஆனால் இருக்கிறது. திருச்சியில் ஸ்மார்ட் சிட்டி வேலைக்கு ஆலோசனை சொல்லும் ஒரு கம்பெனியில் நான் ‘மக்கள் பங்கேற்பு ஒருங்கிணைப்பாளர்’. இந்தப் பதவியின் பெயரை ஒரு மூச்சில் சொல்லி முடிப்பதற்குள் எதிரே நிற்பவர் கதவைச் சாத்திவிடுவார். அதனால் இப்போதெல்லாம், “ஜெசிந்தா, புத்தூர்லேருந்து வர்றேன்” என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தண்ணீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, கேபிள், கேமரா, சிக்னல் என்று ஆளுக்கொரு திசையில் கிடப்பதையெல்லாம் ஒன்றாகக் கோத்து, ஓர் அறையில் உட்கார்ந்து திரையில் பார்க்கும்படி செய்வது திட்டம். அதற்கு முன்னால் தெருக்காரர்களைக் கூப்பிட்டு, கேட்டு, ஒத்துக்கொள்ள வைப்பது என் பாடு. உங்கள் தெருவையும் தோண்டியிருப்பார்கள். வாசலில் நின்று பள்ளத்தைப் பார்த்து யாரையோ சபித்திருப்பீர்கள். அந்த ‘யாரோ’ அநேகமாக நான்தான். எங்கள் வீட்டு வாசலிலும் ஒரு பள்ளம் இருக்கிறது, தினமும் நானும் யாரையோ சபித்துவிட்டுத்தான் வேலைக்குக் கிளம்புகிறேன். ஆகவே நாம் ஒரே கட்சி.

இங்கே சொல்லப்போவது ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தைப் பற்றி. சின்னச் சந்து, அதிலும் முட்டுச் சந்து. போவதற்கும் வருவதற்கும் ஒரே வாய். வீடுகளின் கொல்லைப்பக்கம் அடுத்த தெரு வீட்டுச் சுவர். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

செருப்புப் போடும் இடம்

முதல் கூட்டம் பக்கத்திலிருந்த ஒரு கல்யாண மண்டபத்தில். காபி கொடுத்தோம், படம் போட்டுக் காட்டினோம். “இந்தச் சந்துல ஒரே தடவைதான் தோண்டுவோம். தண்ணி, சாக்கடை, கேபிள் மூணையும் ஒண்ணாப் போட்டுடுவோம்” என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆட்சேபணை உண்டா என்றேன். இல்லை. சந்தேகம்? அதுவும் இல்லை. சண்டை போடுகிற கூட்டத்தை நம்பலாம், தலையாட்டுகிற கூட்டத்தை நம்பவே கூடாது.

கூட்டம் கலைந்து செருப்பைத் தேட ஆரம்பித்ததும் உண்மை வெளியே வந்தது. நம் ஊர் வழக்கம் இது. மைக்கில் வராத குரலெல்லாம் செருப்புக் குவியலில் வரும். அன்றிலிருந்து நான் கூட்டம் முடிந்தவுடன் மேடையை விட்டு ஓடி, முதல் ஆளாகச் செருப்புகளுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வேன். குடைக்குக் கீழே வரும் பெருமாள் பல்லக்கைத் தோளில் சுமக்கும் ஸ்ரீபாதம் தாங்கிக் குடும்பத்தைச் சேர்ந்த பாஷ்யம், என் காதில் விழவேண்டும் என்றே, “ஒரே தடவையாம்! இவாளுக்குத் தோண்டத்தான் தெரியும்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்குப் பின்னால் வைதேகி மாமி. கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் செருப்பு வாரை மாட்டிக்கொண்டே பேசினார். அவர் கணவர் ராகவன் மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை நெஞ்சு வலி வந்து, புத்தூர் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்துப் பிழைத்து வந்திருக்கிறார். இன்னொரு தடவை வந்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்கக் கூடாது, மனுஷரை ஓர் அடி நடக்க விடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். இதையெல்லாம் பாடம் நடத்துகிற மாதிரி நிதானமாகச் சொன்னார் மாமி. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

“எல்லாம் சரிம்மா. சந்து வாயைத் தோண்டிப்பிட்டேள்னா, எங்காத்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்?”

ஒற்றைச் சிவப்பு

அடுத்த கூட்டத்துக்குப் பெரிய வரைபடம் ஒன்றைக் கொண்டுபோனேன். ஆளுக்குக் கொஞ்சம் ஸ்டிக்கர் பொட்டு. பிடித்த இடத்தில் பச்சை, பிரச்சினை உள்ள இடத்தில் சிவப்பு. மற்ற வார்டுகளில் இது பிரமாதமாக நடக்கும். காந்தி மார்க்கெட் பக்கம் வைத்தபோது சிவப்பு தீர்ந்துபோய் ஆட்கள் பச்சையின்மேல் பேனாவால் கிறுக்கினார்கள். ஸ்ரீரங்கத்தில் ஒருவரும் சிவப்பைத் தொடவில்லை. வரைபடத்தின் நடுவில் கோயில் இருந்தது. பெருமாள் எழுந்தருளியிருக்கிற படத்தில் குறை சொல்லிப் பொட்டு வைப்பதா? ஒவ்வொருவராக வந்து, கையிலிருந்த பச்சை எல்லாவற்றையும் கோபுரத்தின்மேல் ஒட்டிவிட்டு, கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். பாஷ்யம் எதையும் தொடவில்லை. “எங்க அபிப்பிராயம் வாயிலே இருக்கு. பொட்டு எதுக்கு?” என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிவப்பு வைத்தது வைதேகி மாமி ஒருவர்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தேடி, சந்து வாயில் சரியாக ஒட்டி, கட்டைவிரலால் அழுத்தினார்.

அலுவலகத்தில் அந்தப் பொட்டுகளைக் கம்ப்யூட்டருக்குள் ஏற்றினோம். ‘மக்களின் முதல் தேவை: கோயில். திருப்தி நிலை: மிக அதிகம்’ என்று அது முடிவு சொன்னது. ஆயிரம் வருஷத்துக்கு மேலாக இருக்கிற கோயிலைப் புதிதாகக் கட்டித் தரலாம் என்று எங்கள் திட்டத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பயந்தேன். மாமியின் சிவப்பைக் காணவே இல்லை. புள்ளிவிவரம் பார்க்கும் பையனிடம் போய்ச் சண்டை பிடித்தேன். ஒரு மனுஷரின் உயிர் அந்தப் பொட்டில் இருக்கிறது, அது எங்கே போச்சு என்று கத்தினேன். அவன் கோபப்படவில்லை. திரையைப் பெரிதாக்கிக் காட்டி, பொறுமையாகச் சொன்னான்:

“ஒத்தைப் புள்ளிக்கெல்லாம் கலர் காட்டாது மேடம்.”

தகடு

கம்ப்யூட்டர் காட்டாவிட்டால் என்ன, எனக்குக் கண் தெரியும். சைட் இன்ஜினியர் செந்திலைப் பிடித்தேன். மண்ணச்சநல்லூர்ப் பையன். வேலையில் கெட்டி, ஆனால் யார் அதட்டினாலும் ‘சரிங்க’ என்று சொல்லிவிடும் சுபாவம். நானும் அதட்டினேன். சந்து வாயில் குழி வெட்டினால், லாரி ஏறினாலும் வளையாத இரும்புத் தகடு ஒன்றை அதன்மேல் போடவேண்டும், ராத்திரி பகல் எப்போதும் வண்டி போக வழி இருக்கவேண்டும் என்றேன். “சரிங்கக்கா” என்றான். சொன்னபடியே போட்டான். நான் மாமியின் கையைப் பிடித்து, “இந்தத் தகடு இங்கேருந்து நகராது மாமி, அதுக்கு நான் பொறுப்பு” என்று வாக்குக் கொடுத்தேன். வாக்குக் கொடுக்கும்போது அது லேசாகத்தான் இருக்கிறது.

தண்ணீர்க் குழாய் போட்டு முடித்தார்கள். சாக்கடைக் குழாயும் ஒரு வழியாக முடிந்தது. கேபிள் வரவில்லை. கேபிள்காரரைக் கேட்டால், மேலே மின்சாரக்காரர் சொல்லவேண்டும் என்றார். மின்சாரக்காரர், சாக்கடைக்காரர் முடித்ததாக எழுதித் தரவேண்டும் என்றார். சாக்கடைக்காரரோ, கேபிள் போடாமல் எப்படி முடிந்தது என்று எழுதுவது என்றார். மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைத்துப் பேசினேன். காபி வரும்வரை ஒற்றுமையாக இருந்தார்கள்.

சந்து வாயில் குழி வாயைப் பிளந்துகொண்டே கிடந்தது. சாக்கடைத் தண்ணீர் வேறு அதில் ஊறி நின்றது. மார்கழி பிறந்துவிட்டது. ஒரு நாள் ராகவன் மாமா மெல்ல நடந்து வந்து, கைத்தடியால் தகட்டை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். ரயில்வேயில் இருந்தவர், இரும்பைக் கண்டால் தட்டாமல் விடமாட்டார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டு, என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

“ஒரே தடவை தோண்டுவோம்னு சொன்னே, வாஸ்தவம். ஒரு தடவையாவது மூடுவோம்னு நீ சொல்லவே இல்லையே!”

திரையில் பச்சை

ஏகாதசிக் கூட்டத்தை எப்படிச் சமாளிப்பது என்று காட்டுவதற்காகக் கட்டுப்பாட்டு அறைக்கு எங்களை அழைத்திருந்தார்கள். சுவர் முழுக்கத் திரை. எந்தச் சிக்னலில் நெரிசல், எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், ஆம்புலன்ஸ் எந்த வழியில் போனால் சீக்கிரம் போகும், எல்லாம் அதில் தெரிந்தது. பொய் சொல்லக்கூடாது, எனக்கே பெருமையாக இருந்தது. கூட வந்தவர்கள் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது நான் அந்தச் சந்தைத் தேடினேன். இருந்தது. பச்சையாக இருந்தது. வழி திறந்திருக்கிறது, தாராளமாக வரலாம் என்று அர்த்தம்.

“இங்கே குழி இருக்குங்க. தகடு போட்டுத்தான் வண்டி போகுது. இதைச் சிவப்பாக்கணும்” என்றேன், திரைக்கு முன்னால் இருந்தவரிடம். சிவப்பாக்க வேண்டுமானால் தோண்டிய துறை தகவல் அனுப்பவேண்டும் என்றார். தோண்டியது மூன்று துறை. எது அனுப்பவேண்டும்? அது அவருக்குத் தெரியவில்லை. தகடு இருக்கும்வரை பரவாயில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் என்னைச் சமாதானப்படுத்த நினைத்து, அந்த அமைப்பு எப்படி யோசிக்கிறது என்று விளக்கினார்:

“அந்தச் சந்துல சென்சார் எதுவும் இல்லை மேடம். சென்சார் இல்லேன்னா, பிரச்சினை இல்லேன்னு சிஸ்டம் எடுத்துக்கும்.”

தகடு போன இடம்

வைகுண்ட ஏகாதசி அன்று எனக்கும் ஸ்ரீரங்கத்தில் டியூட்டி. வெளியூர் ஜனங்களுக்கு வழி சொல்லும் பலகைகள் சரியாக இருக்கின்றனவா என்று பார்ப்பது. விடியற்காலையில் சொர்க்கவாசல் திறந்த கூட்டம் இன்னும் வடியவில்லை. வீதியெல்லாம் தலை. வண்டிகள் வராதபடி மூலைக்கு மூலை தடுப்பு. வெயில் ஏறுகிற நேரத்தில் சந்துப் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

தகடு இல்லை.

குழி அப்படியே திறந்து கிடந்தது. குறுக்கே ஒரு பலகை, ஓர் ஆள் கவனமாக நடந்து போகலாம், அவ்வளவுதான். சுற்றிலும் நாலு சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். செந்திலுக்குப் போன் அடித்தேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. பக்தர்கள் போகும் வழியில் இன்னொரு குழி இருந்ததாம். பெரிய மனிதர் ஒருவரின் கார் அந்தப் பக்கம் வருகிறதாம். கையில் வேறு தகடு இல்லாததால் இங்கிருந்ததைப் பெயர்த்துக்கொண்டு போய் அங்கே போட்டுவிட்டார்களாம். யாரோ அதட்டியிருக்கிறார்கள், இவன் ‘சரிங்க’ என்றிருக்கிறான். “உடனே இங்கே வா” என்றேன். வருகிறேன் என்றான். பிறகு, என்னை ஆறுதல்படுத்துவதாக நினைத்துக்கொண்டு ஒன்று சொன்னான்.

“சாயங்காலம் திருப்பிக் கொண்டாந்து போட்டுடுறேங்க்கா. ஒரு பகல்தானே, அந்தச் சந்துல அப்படி என்ன நடந்துடப் போகுது?”

நாலு பேர் வேண்டாம்

செந்தில் வந்து பைக்கை நிறுத்துகிற நேரத்தில் சந்துக்குள்ளிருந்து வைதேகி மாமியின் குரல் கேட்டது. கூப்பிடுகிற குரல் இல்லை அது. பலகைமேல் எப்படி ஓடினேன் என்று தெரியவில்லை. ராகவன் மாமா கூடத்தில், கை வைத்த மர நாற்காலியில் சரிந்து உட்கார்ந்திருந்தார். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. “வேர்த்துக் கொட்றது ஜெசிந்தா. இடது கை வலிக்கறதுங்கறார்” என்றார் மாமி. ஆம்புலன்ஸுக்கு அவரே போன் பண்ணிவிட்டிருந்தார். டாக்டர் கொடுத்து வைத்திருந்த மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைத்துவிட்டிருந்தார். செய்யவேண்டியதையெல்லாம் செய்துவிட்டு, மிச்சமிருந்த ஒரே கேள்வியை என் முகத்தைப் பார்த்துக் கேட்காமல் நின்றார். கேட்டிருந்தால் தேவலை.

கட்டுப்பாட்டு அறைக்குப் போன் போட்டேன். “அந்தச் சந்து ஓபனாத்தானே இருக்கு மேடம்” என்றது மறுமுனை. “ஐயா, நான் சந்துக்குள்ளேருந்துதான்யா பேசறேன்!” என்று அலறினேன். அதற்குப் பிறகு அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேமராவில் பார்த்துப் பார்த்துத் தடுப்புகளை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொல்லி, அந்தக் கூட்டத்துக்கு நடுவே வண்டிக்கு வழி பண்ணினார்கள். சந்து வாய்வரை வண்டி வந்துவிடும். வாயிலிருந்து வீடுவரைதான் பிரச்சினை.

சந்தில் ஈ காக்கை இல்லை, எல்லோரும் கோயிலில். விடியற்காலைக் கைங்கரியம் முடிந்து கொஞ்சம் இளைப்பாற வீட்டுக்கு வந்திருந்த பாஷ்யமும் அவர் தம்பியும் மட்டும் சத்தம் கேட்டு ஓடி வந்தார்கள். நெற்றியில் திருமண் காயவில்லை. எதிர்வீட்டு ஆட்டோக்காரர் வந்தார். பாஷ்யம் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் பார்த்தார். ஆம்புலன்ஸ் வரும்வரை காத்திருக்க வேண்டாம், வாய்வரைக்கும் கொண்டுபோய் வைத்துக்கொள்வோம் என்றார். குழியைச் சுற்றி நட்டிருந்த சவுக்குக் கம்பில் இரண்டைப் பிடுங்கி வரச் சொன்னார். நாற்காலியின் இரண்டு பக்கமும் கம்பைக் கொடுத்து, தன் மேல் வேஷ்டியையும் தம்பியின் மேல் வேஷ்டியையும் முறுக்கி இறுக்கிக் கட்டினார். பாஷ்யம், தம்பி, செந்தில், ஆட்டோக்காரர், ஆளுக்கொரு முனையாகக் குனிந்தார்கள்.

“நிறுத்துங்கோ!” என்றார் மாமி.

எல்லோரும் அப்படியே நின்றோம்.

“நாலு பேர் வேண்டாம். இந்தாத்துலேருந்து இவரை நாலு பேரா தூக்கிண்டு போக நான் விடமாட்டேன்.”

கணக்கு டீச்சர். கூட்டத்தில் ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாதவர். வாசல்படியை மறித்துக்கொண்டு நின்றார். செந்தில் பரிதாபமாக, “அம்மா, நேரமாவுதும்மா” என்றான். மாமி அசையவில்லை. எனக்கு அந்த நிமிஷம் அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆனால் பாஷ்யத்துக்குப் புரிந்தது. அவர் தர்க்கம் பண்ணவில்லை. “வாஸ்தவம்தான் மாமி. ஆனா அஞ்சாவது ஆளுக்கு இப்போ எங்கே போறது?” என்று மட்டும் கேட்டார்.

மாமி என் பக்கம் திரும்பினார். மடி, ஆசாரம், ஏகாதசி என்று அந்தச் சந்தில் நான் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டதெல்லாம் நினைவுக்கு வந்து, “மாமி, நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க...” என்று இழுத்தேன்.

“கை இருக்கோன்னோ உனக்கு? பிடி!”

நாற்காலியின் முதுகைப் பிடித்தேன். ஐந்து பேராகத் தூக்கினோம். பாஷ்யம் முதல் அடியை எடுத்து வைத்ததும் மற்ற மூவரும் அவர் காலைப் பார்த்துக் கால் வைத்தார்கள். நாற்காலி குலுங்கவில்லை. மாமாவின் தலை என் மணிக்கட்டில் சாய்ந்திருந்தது. அந்த வேர்வையின் ஈரம் இன்றைக்கும் எனக்கு மறக்கவில்லை. செபமாலையில் எனக்குத் தெரிந்ததையெல்லாம் மனதுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

குழிக்கு அந்தப் பக்கம் ஆம்புலன்ஸ் வந்து நின்றுவிட்டது. “மேப்ல உள்ள வரைக்கும் ரோடு காட்டுதுங்க” என்று டிரைவர் திகைத்துப் போய் நின்றார். ஸ்ட்ரெச்சர் சக்கரம் அந்தப் பலகையில் உருளாது. பக்கத்துக்கு ஒருவராகக் கம்பைத் தோளில் வைத்தவர்களும் அதில் நடக்க முடியாது. நாற்காலியைக் கரையில் இறக்கி வைத்தோம். பாஷ்யம் குழியைப் பார்த்தார். இடுப்பளவு ஆழம், முழங்காலுக்குக் கறுப்புத் தண்ணீர். முந்தின நாளிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உபவாசம் இருக்கிற மனுஷர், கோயிலிலிருந்து குளித்த உடம்போடு வந்தவர். வேஷ்டியை வரிந்து கட்டிக்கொண்டு அந்தச் சாக்கடைக்குள் இறங்கினார். செந்தில் பலகையின் மறுபக்கம் இறங்கினான்.

தம்பியும் ஆட்டோக்காரரும் கரையிலிருந்து கம்பைத் தள்ள, கீழே இருந்த இருவரும் பலகைக்கு இரண்டு பக்கமும் நின்று தோளில் வாங்கினார்கள். அக்கரையில் ஆம்புலன்ஸ்காரர்கள் கை நீட்டிக் காத்திருந்தார்கள். நான் நாற்காலியின் முதுகை விடாமல் பலகைமேல் கால் வைத்தேன். பலகை வளைந்தது. நடுக்குழியில், நாற்காலி தோள்களின்மேல் நின்ற அந்த நேரத்தில், ராகவன் மாமா பாதிக் கண்ணைத் திறந்தார். கீழே தெரிந்த பாஷ்யத்தின் தலையைப் பார்த்தார். உதடு லேசாக அசைந்தது. ஏதோ கேட்கிறார் என்று குனிந்தேன். வலிக்கு நடுவே, ஒவ்வொரு சொல்லாகத்தான் வந்தது:

“பாஷ்யம்... குடை... எங்கேடா?”

மறுபடியும் செருப்புப் போடும் இடம்

மாமா பிழைத்துக்கொண்டார். அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னதாக மாமி போனில் சொன்னார். இத்தனை நாள் வராத கேபிள், விஷயம் வெளியே பரவியதும் தானாக வந்துவிட்டது. குழியை மூடினார்கள். மூடிய பிறகு திரையில் அந்தச் சந்தைச் சிவப்பாக்கினார்கள். இப்போது அதைத் திரும்பப் பச்சையாக்க மூன்று துறையும் எழுதித் தரவேண்டுமாம், அலைந்துகொண்டிருக்கிறேன்.

பக்கத்துச் சந்தில் தோண்டுவதற்கு முன் அதே மண்டபத்தில் மறுபடியும் கூட்டம் போட்டோம். செந்தில் தகட்டின் ஓரத்தில் அந்தச் சந்தின் பெயரைப் பெயிண்டால் எழுதிக் கொண்டுவந்திருந்தான். யார் அதட்டினாலும் இனி இது நகராது என்றான். அவன் யாரிடமாவது ‘முடியாதுங்க’ என்று சொல்லி நான் இதுவரை பார்த்ததில்லை, பார்க்க ஆசைதான். வைதேகி மாமி முன் வரிசையில் உட்கார்ந்து, இந்தத் தடவை மைக்கையே வாங்கி, “அந்தச் சந்துக்கு ஆம்புலன்ஸ் எப்படி வரும்?” என்று கேட்டார். மற்றவர்கள் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஓடிப்போய்ச் செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். ராகவன் மாமா மெதுவாக வந்து, “மூடிட்டேளே, பேஷ்” என்று தடியால் தரையைத் தட்டிவிட்டுப் போனார். கடைசியாகப் பாஷ்யம். அந்தப் புள்ளிவிவரப் பையன் சொன்னதை நான் ஒரு நாள் புலம்பலாக மாமியிடம் சொல்லியிருந்தேன், அது சந்து முழுக்கப் போயிருக்கிறது போலிருக்கிறது. பாஷ்யம் செருப்பைப் போட்டுக்கொண்டார். கிளம்பவில்லை. முகத்தை எங்கோ வைத்துக்கொண்டு, உள்ளங்கையை மட்டும் என் பக்கம் நீட்டினார்.

“அந்தச் சிவப்புப் பொட்டைக் குடும்மா. ஒத்தைப் பொட்டுக்குக் கலர் காட்டாதுன்னா, எத்தனை வச்சா காட்டும்?”

மக்களைப் பங்கேற்க வைப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாற்காலியைத் தூக்க எல்லோரும் வந்து குனிந்த பிறகு பார்த்தால் ஓர் ஆள் குறைந்தது, அது நான்தான்.